சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

மதுரை ஜவுளிக்காரர்கள் சிலரைக் கொஞ்ச காலமாக ஓர் ஆசை பிடித்து ஆட்டுகிறது. அதன் பெயர் ஈ.ஆர்.பி. துணி வாங்கி, வெட்டி, தைத்து, சொந்தக் கடையிலேயே விற்கிறார்களே, அவர்களைத்தான் அது முதலில் பிடிக்கிறது. விற்க வருகிறவர் டை கட்டிக்கொண்டு வருகிறார். சுவரில் படம் ஓட்டிக் காட்டுகிறார். போகும்போது முதலாளியின் மகனுக்கு ஒரு கனவையும் முதலாளிக்கு ஒரு கடனையும் விட்டுவிட்டுப் போகிறார். அந்தக் கடன் வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஈ.ஆர்.பி. என்றால் என்ன என்று என் வயதுக்காரர்கள் கேட்பார்கள். துணி கொள்முதல், வெட்டு, தையல், கிடங்கு, கடை, பில், சம்பளம், வரி, பேங்க் எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டர் ஏட்டில் கட்டிப்போடுகிற ஏற்பாடு. தையல் கூடத்தில் ஒரு பெண் ஓர் எண்ணைத் தட்டினால் அது கிடங்கிலும், கடையிலும், கணக்கிலும் தானாகவே பதிவாகும். முதலாளி கொடைக்கானலில் உட்கார்ந்துகொண்டு விளக்குத்தூண் கடையில் எத்தனை நைட்டி போயிற்று என்று செல்போனில் பார்க்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கல்யாணத் தரகர் சொல்லும் ஜாதகமும் கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

நான் கம்ப்யூட்டருக்கு எதிரி இல்லை. முப்பத்தாறு வருடம் ஜவுளிக் கணக்கில் காலம் தள்ளியவன். சிவப்புத் துணி போட்ட பேரேட்டில் ஆரம்பித்தேன், பிறகு கம்ப்யூட்டரில் கணக்கு எழுதினேன். கூட்டல் தப்பிப்போய் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் ஐந்து ரூபாயைத் தேடிய கொடுமை கம்ப்யூட்டரால்தான் தீர்ந்தது. அதற்கு நான் நன்றியுள்ளவன். என் சண்டை கணக்கு எழுதும் கம்ப்யூட்டரோடு இல்லை. கடையையும் பட்டறையையும் தன் விருப்பத்துக்கு வளைக்கப் பார்க்கிற சாஃப்ட்வேரோடுதான். கடைக்காகத்தான் கணக்கு. கணக்குக்காகக் கடை இல்லை.

முதலில் ஓர் எளிய பெருக்கல். நாம் ஒரு சட்டை என்கிறோம். சாஃப்ட்வேருக்கு அது ஒரு சட்டை இல்லை. 38, 40, 42, 44, 46 என்று ஐந்து அளவு. ஆறு கலர். அரைக்கை, முழுக்கை என்று இரண்டு. ஐந்தை ஆறால் பெருக்கி இரண்டால் பெருக்கினால் 60. ஒரே மாடல் சட்டைக்கு 60 குறியீட்டு எண்கள். தீபாவளிக்கு நூறு மாடல் என்றால் 6,000 எண்கள். அரிசி மண்டிக்காரருக்கு இந்த வருடமும் பொன்னி, அடுத்த வருடமும் பொன்னி. ஒரு முறை எண் போட்டால் போதும். ஜவுளிக்காரருக்கு மூன்று மாதத்தில் சரக்கு பழசாகிவிடும். பொங்கலுக்கு வேறு மாடல், வேறு கலர், மறுபடியும் ஆயிரக்கணக்கில் எண்கள். இதையெல்லாம் உட்கார்ந்து தட்டப்போவது யார்? மாதச் சம்பளத்துக்கு வந்திருக்கிற ஒரு சின்னப் பெண். அவள் ஓர் இடத்தில் தவறினால் 42 நீலம் 24 நீலமாகிவிடும். அதற்குப் பிறகு அந்தச் சட்டை கிடங்கில் இருந்தும் இல்லாத சட்டைதான்.

இரண்டாவது, பட்டறையும் கடையும் ஒரே மாதிரி எண்ணுவதில்லை. நெய்த துணி தானாக, மீட்டரில் வருகிறது. பனியன் துணி கிலோவில் வருகிறது. தையற்காரர் டஜனில் எண்ணுகிறார். கடைக்காரர் பீஸில் எண்ணுகிறார். இந்த நான்கையும் சேர்த்து வைக்கிற ஆள் கட்டிங் மாஸ்டர். தானைப் பிரித்துத் தடவிப் பார்த்தே எவ்வளவு சுருங்கும் என்று சொல்லிவிடுவார். ஒரு தானுக்கும் இன்னொரு தானுக்கும் சாயம் லேசாக மாறியிருந்தால் அதைத் தனியாக வைத்து வெட்டுவார். கழுத்துப் பக்கம் மிஞ்சிய துணியில் ஒரு குழந்தைச் சட்டை எடுத்துவிடுவார். ஒரு நல்ல மாஸ்டரின் லாபம் அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது.

சாஃப்ட்வேருக்கு இந்த மிச்சம் புரியாது. ஒரு சட்டைக்கு இத்தனை மீட்டர், இத்தனை பட்டன், இவ்வளவு நூல் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மாஸ்டர் துணி மிச்சம் பிடித்தால், கணக்கில் இல்லாத துணி எங்கிருந்து வந்தது என்று கேட்கும். துணியில் ஓட்டை இருந்து ஒரு மீட்டர் வீணானால், அந்த மீட்டர் இன்னும் கிடங்கில் இருப்பதாகவே சொல்லிக்கொண்டிருக்கும். அதைச் சரிக்கட்ட ஒரு படிவம், அந்தப் படிவத்துக்கு ஓர் அனுமதி, அனுமதி கொடுக்க ஒரு மேலாளர். மாஸ்டர் என்ன செய்வார்? இரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்பார். பிறகு மிச்சம் பிடிப்பதை விட்டுவிடுவார். சொன்ன அளவுக்கு வெட்டினால் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை அல்லவா? கணக்கு நேராகிவிடும். லாபம் குப்பைக்குப் போய்விடும்.

நம் ஊர்ச் சுங்குடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005-ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை. சௌராஷ்டிர சமூகத்துப் பெண்கள் விரலாலும் நூலாலும் ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி எடுத்த அசல் கைக்கட்டுச் சேலை ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. புள்ளி விரிந்திருக்கும், சுருங்கியிருக்கும், சாயம் ஓர் ஓரத்தில் கூடியிருக்கும். அதுதான் அதன் அழகு, அதற்குத்தான் விலை. ஒரே எண் போட்ட பத்துச் சரக்கும் ஒன்றே என்று நம்புகிற ஏட்டில் இதை எப்படி எழுதுவது? ஒவ்வொரு சேலைக்கும் தனி எண் போட்டால் ஏடு வீங்கும். எல்லாவற்றுக்கும் ஒரே எண் போட்டால் அச்சுப் போட்ட சேலையும் கைக்கட்டுச் சேலையும் ஒரே வரிசைக்கு வந்துவிடும்.

மூன்றாவது, காலண்டர். இந்தச் சாஃப்ட்வேர்களில் பெரிதாகப் பேசப்படும் வசதி, போன வருட விற்பனையைப் பார்த்து இந்த வருடம் எவ்வளவு தைக்க வேண்டும் என்று சொல்வது. நம் தீபாவளி ஐப்பசியில் வருகிறது. இங்கிலீஷ் தேதிக்கு அது கட்டுப்பட்டதில்லை. 2023-ல் நவம்பர் 12. 2024-ல் அக்டோபர் 31. 2025-ல் அக்டோபர் 20. மூன்று வருடத்தில் மூன்று வாரத்துக்கு மேல் நகர்ந்துவிட்டது. 2023 அக்டோபரில் முதல் இரண்டு வாரம் விளக்குத்தூண் பக்கம் சாவகாசமாக நடக்க முடிந்திருக்கும். 2025-ல் அதே இரண்டு வாரத்தில் தோளோடு தோள் இடிக்காமல் நடந்திருக்க முடியாது. போன வருடத்து அக்டோபரை இந்த வருடத்து அக்டோபரோடு ஒப்பிடுகிற ஏடு, சரக்கு வேண்டிய நேரத்தில் குறைக்கச் சொல்லும், வேண்டாத நேரத்தில் கூட்டச் சொல்லும். இதைத் திருத்தலாம் என்பார்கள். திருத்தலாம். அதற்குத் தனிக் கட்டணம்.

கார்த்திகை பிறந்தால் கறுப்பு, நீல வேட்டி. மேல்மருவத்தூருக்கு மாலை போடுகிறவர்களுக்குச் சிவப்பு. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷம் கட்டித் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் உடுப்பு. இவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தைத்துக் கொடுத்தவர்கள் புது மண்டபத்துத் தையற்காரர்கள். திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்திலிருந்து கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. எந்த வாரத்தில் எந்தத் துணியை எடுத்து வைக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் ரிப்போர்ட் கொடுத்ததில்லை. சுவரில் ஒரு பஞ்சாங்கக் காலண்டர் தொங்கியது. அது போதுமாக இருந்தது.

“நீங்கள் பழைய காலத்து ஆள், அப்படித்தான் பேசுவீர்கள்” என்று ஒரு தம்பி என்னிடம் சொன்னார். சரி, நம் ஊர்க் கதையை விட்டுவிட்டு அவர் மதிக்கிற பெரிய ஆட்களிடமே போவோம்.

நைக்கி. 2000-ஆம் ஆண்டில், எந்தக் காலணி எவ்வளவு விற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல ஐ2 என்ற நிறுவனத்தின் சாஃப்ட்வேரைப் போட்டார்கள். அது சுமார் 40 கோடி டாலர் திட்டத்தின் ஒரு பகுதி. ஓடாத காலணிகளை மலைபோலத் தயாரிக்கச் சொன்னது. ஜனங்கள் கேட்ட ஏர் ஜோர்டான் கைக்குக் கிடைக்கவில்லை. 2001 பிப்ரவரியில், சுமார் 10 கோடி டாலர் விற்பனை போயிற்று என்று நைக்கியே அறிவித்தது. பங்கு விலை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்தது. சாஃப்ட்வேர் விற்றவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? நைக்கி தன் வசதிக்காக அதை ரொம்பவும் மாற்றிக்கொண்டதுதான் காரணம் என்றார்கள். இந்தப் பதிலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றாவிட்டால் உங்கள் கடைக்குப் பொருந்தாது. மாற்றினால் தப்பு உங்களுடையது.

லீவைஸ். 1853-லிருந்து வியாபாரம் செய்கிற ஜீன்ஸ் நிறுவனம், சொந்தக் கடைகளும் உண்டு. 2008-ல் அமெரிக்காவில் எஸ்.ஏ.பி. சாஃப்ட்வேருக்கு மாறினார்கள். மாறும்போது ஆர்டர்கள் சிக்கிக்கொண்டு, அங்கிருந்த மூன்று சரக்குக் கிடங்குகளையும் ஒரு வாரம் மூட வேண்டியதாயிற்று. அந்தக் காலாண்டில் லாபம், முந்தைய வருடத்து 4.6 கோடி டாலரிலிருந்து 10 லட்சம் டாலருக்கு வந்தது. சந்தை மந்தமும் அதில் சேர்ந்திருந்தது, உண்மைதான். ஆனால் ஒரு வாரம் கிடங்கை மூடியது மந்தத்தால் இல்லை.

லிடில். ஜெர்மனியில் பெரிய சங்கிலிக் கடை, மளிகைதான் முக்கியம். 2011-ல் ஆரம்பித்து ஏழு வருடம் எஸ்.ஏ.பி.யைப் பொருத்திப் பார்த்துவிட்டு 2018-ல் கையைக் கழுவிவிட்டார்கள். 50 கோடி யூரோ செலவானதாக அந்த ஊர்ப் பத்திரிகைகள் எழுதின. சிக்கலின் வேர் மிகச் சின்னது. லிடில் தன் சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிடும் வழக்கம் உள்ள கடை. அந்தச் சாஃப்ட்வேரோ விற்பனை விலையில் மதிப்பிடும் வழக்கம் உள்ளது. வழக்கத்தை மாற்ற லிடில் தயாரில்லை. அதற்காகச் சாஃப்ட்வேரை வெட்டி ஒட்டப் போய், வெட்டிய இடமெல்லாம் பிரிந்துகொண்டது.

டார்கெட் கதை இதைவிடப் பரிதாபம். துணிமணி முதல் பாத்திரம் வரை விற்கும் அமெரிக்கக் கடை, 2013-ல் கனடாவில் கால் வைத்தது. அவசரத்தில் தட்டிய விவரங்களில் நீளத்துக்குப் பதில் அகலம், சென்டிமீட்டருக்குப் பதில் அங்குலம் என்று ஏகப்பட்ட தப்பு. கிடங்கில் சரக்கு நிரம்பி வழிந்தது, கடைத் தட்டுகள் காலியாகக் கிடந்தன. 2015 ஜனவரியில் 133 கடையையும் மூடுவதாக அறிவித்தார்கள். வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்தத் தப்பான எண்கள் பெரிய காரணம்.

இவர்களெல்லாம் யானைகள். ஒரு கால் புண்ணானால் மூன்று காலில் நின்றுகொள்வார்கள். நைக்கி அதற்குப் பிறகும் வளர்ந்தது. லீவைஸ் இன்றும் இருக்கிறது. நம் ஊரில் நான்கு கடை வைத்திருப்பவருக்கு ஒரு தீபாவளி போனால் அடுத்த தீபாவளி இல்லை.

அப்படி ஒரு தீபாவளியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். சாஃப்ட்வேரின் பெயரும் வேண்டாம். ஊருக்கு வெளியே ஒரு தையல் கூடம், ஊருக்குள் நான்கு கடை. நான் அங்கே கணக்கில் இருந்தேன். 2018 சித்திரையில் வேலையை ஆரம்பித்தார்கள். ஆடிக்குள் முடியும் என்றார்கள். ஆவணியும் போய், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில் பழைய பில் மெஷினை நிறுத்திவிட்டுப் புதியதைத் திறந்தார்கள்.

முதல் சனிக்கிழமையே தெரிந்துவிட்டது. வாடிக்கையாளர் சட்டையை எடுத்துக்கொண்டு பில் போட வருகிறார். கம்ப்யூட்டர் ‘இருப்பு இல்லை’ என்கிறது. காரணம், கிடங்கிலிருந்து கடைக்கு அனுப்பிய பதிவை யாரோ முடிக்கவில்லை. சட்டை மனுஷர் கையில் இருக்கிறது, கம்ப்யூட்டரில் இல்லை. இல்லாத சட்டைக்குப் பில் போட முடியாது. பின்னால் வரிசை நிற்கிறது, குழந்தை அழுகிறது. சிலர் சட்டையை மேஜையில் போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள்.

விற்பனைப் பையன்கள் புத்திசாலிகள். திங்கட்கிழமைக்குள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். எந்த எண்ணில் இருப்பு அதிகம் காட்டுகிறதோ அந்த எண்ணில் பில் போடுவது. வெள்ளை 38-ல் நிறைய இருப்பு காட்டியது. நீலம் 42, பச்சை 44, கட்டம் போட்டது, எது விற்றாலும் வெள்ளை 38. வியாபாரம் நடந்தது, கூட்டம் கலைந்தது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள்தான் அந்தத் தீபாவளியைப் பாதியாவது காப்பாற்றினார்கள்.

தீபாவளி முடிந்தது. கம்ப்யூட்டர் கலர் கலராக ரிப்போர்ட் கொடுத்தது. அதிகம் விற்றது வெள்ளை 38! முதலாளியின் மகன் அதை நம்பிப் பொங்கலுக்கு வெள்ளை 38 தைக்கச் சொன்னார். “தம்பி, நம்ம ஊர்ல 38 போடுறவன் எத்தனை பேரு?” என்று கட்டிங் மாஸ்டர் கேட்டார். ரிப்போர்ட்டில் இருக்கிறதே என்று பதில் வந்தது. அந்த வெள்ளைச் சட்டைகள் பொங்கல் போய், சித்திரைத் திருவிழா போய், ஆடித் தள்ளுபடியிலும் நின்றன.

இன்னொன்றும் நடந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. தையல் கூடத்தில் பெண்கள் பீஸ் ரேட்டில் தைக்கிறவர்கள். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். முன்பெல்லாம் சூப்பர்வைசர் நோட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டு ஆறு மணிக்குக் கொடுத்துவிடுவோம். புது ஏற்பாட்டில் ஒரு கட்டுச் சட்டை செக்கிங், காஜா, பட்டன், அயர்ன் எல்லாம் முடிந்து பதிவானால்தான் அதைத் தைத்தவருக்குக் கூலி ஏறும். காஜா வெளியே ஜெய்ஹிந்த்புரத்தில் போட்டு வர வேண்டும். அங்கே தாமதமானால் இங்கே தைத்த பெண்ணுக்குச் சம்பளம் இல்லை. தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை பாதிப் பேருக்குப் பாதிச் சம்பளம்தான் ஏறியிருந்தது. “சார், கம்ப்யூட்டர் முடிக்கலைன்னா நான் என்ன சார் செய்ய? நான் முடிச்சுட்டேன்ல?” என்று ஓர் அம்மா கேட்டார். அந்த ஏற்பாட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு பொத்தான் இல்லை. கடைசியில் கல்லாவிலிருந்து முன்பணமாக எடுத்துக் கொடுத்தோம். அது பிறகு கணக்கில் ஒரு தனிச் சிக்கலாயிற்று.

கிடங்கு பார்த்த பெரியவரை ‘இனி வேண்டியதில்லை’ என்று கணக்கு முடித்து அனுப்பியிருந்தார்கள். எந்த ரேக்கில் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர். ஐப்பசியில் தினம் நாலு தடவை அவருக்கு போன் போட்டார்கள். அவரும் நல்ல மனசு, வீட்டிலிருந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தார். சாஃப்ட்வேருக்கு லட்சக்கணக்கில் கொடுத்த நிறுவனம் அவருக்கு அந்த போன்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

பிறகு கொரோனா வந்தது. கடைகள் பூட்டிக் கிடந்த மாதங்களிலும் சாஃப்ட்வேருக்கான வருடக் கட்டணக் கடிதம் தேதி தவறாமல் வந்தது. இன்றைக்கு அந்த நான்கில் இரண்டு கடை இல்லை. சாஃப்ட்வேர்தான் மூடியது என்று சொல்ல மாட்டேன், அது நியாயமில்லை. ஆனால் கஷ்டகாலத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணம் எங்கே போயிருந்தது என்று எனக்குத் தெரியும்.

செலவைப் பற்றிக் கொஞ்சம். விற்க வருகிறவர் முதலில் சொல்வது உரிமத்தின் விலை மட்டும்தான். அது எத்தனை பேர் உபயோகிக்கிறார்களோ அத்தனை தலைக்கு. நம் கடைக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கத் தனி. மாற்றுகிறவர் பெங்களூரிலிருந்து வந்தால் நாள் கூலி, தங்கல், சாப்பாடு தனி. பழைய சரக்கையெல்லாம் எண் போட்டு ஏற்றத் தனி. பயிற்சி தனி, பயிற்சி பெற்ற பெண் கல்யாணமாகிப் போனால் அடுத்தவளுக்கு மறுபடியும் பயிற்சி. இவை போக வருடா வருடம் பராமரிப்பு என்று உரிம விலையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. ஐந்து வருடம் கட்டினால் மறுபடியும் ஒரு முறை முழுசாக வாங்கிய கணக்கு. வேண்டாமென்று வெளியே வரலாமா என்றால், நம் கணக்கெல்லாம் அவர்கள் பெட்டியில், அவர்கள் பாஷையில் இருக்கிறது. அதை எடுத்துக் கொடுக்க ஒரு கட்டணம். தலைப்பில் உள்ள பழமொழியைச் சொன்ன கிழவி ஈ.ஆர்.பி. பார்த்ததில்லை. பார்த்திருந்தால் முக்கால் பணத்தோடு நிறுத்தியிருக்க மாட்டாள்.

இனி அவர்கள் பக்கத்து வாதம். மூன்று சொல்கிறார்கள். மூன்றுக்கும் பதில் சொல்லாமல் போவது முறையில்லை.

ஒன்று, ஜி.எஸ்.டி. வந்துவிட்டது, இது இல்லாமல் முடியாது என்பது. 2017 ஜூலையிலிருந்து கம்ப்யூட்டர் இல்லாமல் முடியாது என்பது உண்மை. இவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் இல்லாமல் முடியாது என்பது பொய். மின்-இன்வாய்ஸ் என்று பயமுறுத்துகிறார்கள். 2020-ல் 500 கோடி வியாபாரம் உள்ளவர்களுக்கு என்று ஆரம்பித்து 2023 ஆகஸ்டில் ஐந்து கோடிக்கு மேல் என்று இறங்கியிருக்கிறது. அதுவும் இன்னொரு வியாபாரிக்கு விற்கும் பில்லுக்குத்தான். கடையில் சட்டை வாங்கும் பொதுஜனத்தின் பில்லுக்கு இல்லை. அதற்குச் சாதாரண பில் சாஃப்ட்வேரே போதும். சொல்லப்போனால் வரி விஷயத்தில் பெரிய சாஃப்ட்வேர்தான் திணறியது. அப்போது ஆயத்த ஆடைக்கு ஆயிரம் ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். 1,050 ரூபாய் சட்டைக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி கொடுத்தால் 945 ரூபாய், வரி 5 சதவீதம்தான். நான் சொன்ன அந்த நிறுவனத்தின் ஏட்டில் வரியைச் சட்டையின் எண்ணோடு கட்டிவிட்டார்கள், விற்ற விலையோடு கட்டவில்லை. ஆடி மாதம் முழுக்க 12 சதவீதம் போட்டது. 2025 செப்டம்பர் 22-லிருந்து அந்தக் கோடு 2,500 ரூபாய்க்கு மாறிவிட்டது, அதற்கு மேல் 18 சதவீதம். சின்னக் கடைக்காரர் ஓர் இரவில் மாற்றிவிடுவார். பெரிய சாஃப்ட்வேர்க்காரர் ஆள் வரக் காத்திருப்பார்.

இரண்டு, திருட்டு குறையும் என்பது. திருட்டைப் பிடிப்பது எண்ணிப் பார்ப்பதுதான். தினம் ஒரு ரேக், கடை சாத்துமுன் இரண்டு பேர் எண்ணி எழுதினால் போதும், மாதத்துக்குள் கடை முழுக்க எண்ணியாகிவிடும். எண்ணாமல் கம்ப்யூட்டரை நம்பினால் திருடனுக்குத்தான் வசதி. கணக்கே தப்பாக இருக்கும் இடத்தில் குறைந்தது திருட்டா, பதிவுப் பிழையா என்று யார் சொல்வது?

மூன்று, பெரிதாக வளர இது வேண்டும் என்பது. இதில் ஒரு நியாயம் இருக்கிறது. நம் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து ஹார்வி மில் வழியில் வந்த மதுரா கோட்ஸ், 1988-ல் ஆயத்த ஆடைப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. லூயி பிலிப், வான் ஹியூசன், ஆலன் சோலி எல்லாம் அதில் வந்தவை. 1999-ல் பிர்லா குழுமம் அதை வாங்கியது. பெங்களூரிலிருந்து ஆயிரக்கணக்கான கடைகளுக்குச் சட்டை அனுப்புகிறார்கள். அவர்களுக்குப் பெரிய ஏடு வேண்டும், அதைப் பார்க்கத் தனி இலாகாவே வைத்திருப்பார்கள். ஆனால் வளர்ந்ததால் அந்த ஏடு தேவைப்படுகிறது. ஏடு வாங்கியதால் யாரும் வளரவில்லை. பெரிய செருப்பை வாங்கிப் போட்டால் கால் வளராது, நடக்கும்போது தடுக்கும்.

அப்படியானால் என்னதான் செய்வது? இதற்கு ஒரு நல்ல உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. ஷ்யாம் சுந்தர் கோயங்கா என்பவர் துணி மில்களுக்கும் ஆலைகளுக்கும் மூலப்பொருளும் உதிரிப் பாகங்களும் சப்ளை செய்தவர். தன் கணக்குக்குப் பொருத்தமான சாஃப்ட்வேர் தேடினார், கிடைக்கவில்லை. கணிதம் படித்த மகன் பாரத் கோயங்காவிடம் நீயே செய்து கொடு என்றார். 1986-ல் அப்படிப் பிறந்ததுதான் டாலி. கணக்கு எழுதத் தெரிந்த ஒருவருக்குக் கணக்கு எழுத என்ன வேண்டுமோ அதைக் கேட்டுச் செய்தது. அதனால்தான் தெருவுக்குத் தெரு அது தெரிந்த ஒரு பையனாவது கிடைக்கிறான். அதில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. அது உங்கள் கடையை மாற்றச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே கடை வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை இது. பட்டறைக்கு ஒரு கணக்கு, கடைக்கு ஒரு பில் சாஃப்ட்வேர், வரிக்கும் பேரேட்டுக்கும் ஒன்று. மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். வாரம் ஒருமுறை ஒரு மனிதர் உட்கார்ந்து மூன்றையும் ஒத்துப் பார்க்கட்டும். அந்த ஒத்துப்பார்த்தலில்தான் வியாபாரம் தெரியும். ஒன்று நின்றாலும் மற்ற இரண்டும் ஓடும். எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டினால் ஒரு முடிச்சு அவிழ்ந்ததும் எல்லாம் அவிழும்.

இதையும் மீறி வாங்கத்தான் வேண்டும் என்றால், விற்க வருகிறவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். நெட் இல்லாத நேரத்திலும், இருப்பு காட்டாத போதும், கையில் இருக்கும் சட்டைக்குப் பில் போட முடியுமா? மதுரைப் பக்கம் எங்களைப் போலத் தைத்து விற்கிற யார் இதை இரண்டு தீபாவளி ஓட்டியிருக்கிறார்கள், அவர் கடை பில் மேஜையில் இருக்கும் பெண்ணிடம் நான் தனியாகப் பேசலாமா? ஐந்து வருடத்துக்கு மொத்தமாக, எல்லாம் சேர்த்து எவ்வளவு, அதை எழுத்தில் கொடுப்பீர்களா? வேண்டாமென்றால் எங்கள் கணக்கை எங்களுக்குப் புரியும் விதமாக இலவசமாகத் திருப்பித் தருவீர்களா? நான்குக்கும் நேரான பதில் வந்தால் மேற்கொண்டு பேசுங்கள். அப்போதும் தீபாவளிக்கு முன் ஆரம்பிக்காதீர்கள். வியாபாரம் இல்லாத மார்கழியில், ஒரே ஒரு கடையில் ஆரம்பியுங்கள். பழைய பில் மெஷின் பக்கத்திலேயே ஓடட்டும். கிடங்கு பார்க்கும் பெரியவரை மட்டும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

இதைப் படிக்கிற என் வயதுக்காரர்களில் பலருடைய பிள்ளைகளும் மாப்பிள்ளைகளும் இன்று கல்லாவில் இருக்கிறார்கள். நம் பேச்சைக் கேட்கிற பழக்கம் அவர்களுக்குக் குறைவுதான். இருந்தாலும் அந்த டை கட்டிய மனிதர் வரும் நாளில் நீங்களும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, சனிக்கிழமை சாயங்காலம் தைத்தவர்களுக்கு ஆறு மணிக்குச் சம்பளம் கொடுக்க முடியுமா என்று மட்டும் கேளுங்கள். மற்றதை அவர் முகமே சொல்லிவிடும்.